கோலம் போட்ட வாரத்து மண்

எங்கள் மண் பரிசோதனைக் கூடத்துக்கு அகச்சிவப்புக் கருவி வருவதற்குப் பத்து நாள் முன்பே அதற்கான ஏசி வந்து சேர்ந்தது. கருவிக்கு வெயில் ஆகாது, ஈரம் ஆகாது, தூசி சுத்தமாக ஆகாது என்று இயக்குநர் எங்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். மண்ணைச் சோதிக்க வருகிற ஒன்றுக்குத் தூசி ஆகாது என்பதை அவ்வளவு பெருமையாகச் சொல்ல அவரால் மட்டும்தான் முடியும். ஜன்னல்களை அடைத்தார்கள், தரைக்கு டைல்ஸ் போட்டார்கள், வாசலில் செருப்பைக் கழற்றும்படி பலகை மாட்டினார்கள். அடுத்த அறையில் அமிலப் புகைக்கு நடுவில் நின்று இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கும் எனக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரு கூலர். தண்ணீர் ஊற்றினால் சத்தம் போடும், ஊற்றாவிட்டால் இன்னும் அதிகமாகச் சத்தம் போடும்.

என் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். தில்லியின் ஓரங்களில் இன்னும் விவசாயம் மிச்சமிருக்கும் கிராமங்களிலிருந்து மண் வரும். அதில் கரிமச் சத்து எவ்வளவு என்று நான் கண்டுபிடிப்பேன். மண்ணைக் காயவைத்து, இடித்து, சலித்து, டைக்ரோமேட்டும் கந்தக அமிலமும் ஊற்றி, பிறகு ப்யூரெட் என்ற கண்ணாடிக் குழாயிலிருந்து இரும்பு உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கருநீலமாக இருப்பது ஒரு சொட்டில் பச்சையாக மாறும். அந்த ஒரு சொட்டுக்காகத்தான் எனக்குச் சம்பளம். என்னிடம் இருக்கும் துப்பட்டாக்கள் எல்லாவற்றிலும் அமிலம் தெறித்த ஓட்டைகள் உண்டு. மோதி பாக் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு அம்மாள் அதைப் புது டிசைன் என்று நினைத்து எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டிருக்கிறாள்.

புதுக் கருவிக்கு இதெல்லாம் தேவையில்லை. பொடித்த மண்ணை ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத ஒளியை அது மண் மேல் அடிக்கும். களிமண், சுண்ணாம்பு, மக்கிய இலைதழை என்று மண்ணில் இருக்கும் ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த ஒளியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அந்த மிச்சம் திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடாக வரும். கோட்டைப் பார்த்துக் கரிமம் இவ்வளவு, களிமண் இவ்வளவு என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். மொத்தம் அரை நிமிஷம்.

"மேடம், இனிமே நீங்க ஆராம் பண்ணுங்க" என்றார் இயக்குநர். அரசாங்க அலுவலகத்தில் ஓய்வைச் சொல்லும் 'ஆராம்' என்ற வார்த்தைக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். என் நாற்காலியை எங்கே போடுவது என்று ஏற்கெனவே யோசித்துவிட்டார்கள் என்று பொருள்.

ஆனால் கருவி ஒன்றும் தெரியாமல் வந்திருந்தது. இந்த மாதிரிக் கோடு வந்தால் கரிமம் இவ்வளவு என்று யாராவது அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒன்றிரண்டு இல்லை, ஆயிரத்துச் சொச்சம் மண்ணுக்கு. அந்த ஆயிரத்துச் சொச்சத்தையும் பழைய முறையில் அளக்க வேண்டியது யார்? ஆராம் பண்ணச் சொல்லப்பட்ட அதே மேடம்தான். என் வேலையைப் பறிக்க வந்த கருவி முதல் காரியமாக என் வேலையை இரண்டு மடங்காக்கியது. நவீனம் என்றால் இதுதான் போல.

கருவியைப் பார்த்துக்கொள்ள ஒருவரைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். முப்பது வயசு இருக்கும், டாக்டர் பட்டம் வாங்கியவர், தமிழ்க் குடும்பம். கோல் மார்க்கெட் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். தாத்தாவின் ஊர் கும்பகோணம். தமிழ் பேசுவார், எழுத்தைக் காட்டினால் ஏதோ சுவரில் பல்லி ஓடுவதைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். முதல் நாளே என்னை "ஆன்ட்டி" என்றார். தலைக்குச் சாயம் போட்ட காசு அன்றோடு வீண்.

கருவிக்கு ஒன்றும் தெரியாத நிலையிலேயே திறப்பு விழா வைத்தார்கள். மே மாதம். மேலிடத்து அதிகாரி ஒருவர் வந்து ரிப்பன் வெட்டுவதாக ஏற்பாடு. இயக்குநர் என் அறைக்கு வந்தார். என் அறைக்கு அவர் வருவதே அபூர்வம்.

"மேடம், நீங்க மதராஸ்காரங்கதானே? ரங்கோலி நல்லா வருமே?"

"சார், நான் தூத்துக்குடி. கிறிஸ்டியன். எங்க வீட்ல கோலம் போடறதில்லை."

"அச்சா அச்சா. பரவாயில்லை. கொஞ்சம் பெரிசாப் போடுங்க."

அந்த வாரம் முழுக்கக் காலையில் மண், மத்தியானம் கோலம். யூட்யூபைப் பார்த்துத் தாளில் போட்டுப் பழகினேன். நடுவில் ஒரு கோதுமைக் கதிர், சுற்றிலும் கருவியின் கோட்டைப் போல மேடும் பள்ளமும் வரவேண்டும் என்று இயக்குநர் திருத்தம் வேறு சொன்னார். வெள்ளிக்கிழமை விழா. அதிகாரி கோலத்தின் மேலேயே நடந்து உள்ளே போய் ரிப்பனை வெட்டினார். கருவி பிரமாதமாக இருக்கிறது என்றார். அப்போது அது சுவிட்ச் போடப்பட்டிருக்கவில்லை.

அந்த வாரத்திலும் நான் நாற்பது மண்ணை அளந்து முடித்திருந்தேன். ஒரு கையால் கோலம், இன்னொரு கையால் ப்யூரெட் என்று பல பேரிடம் சொல்லிக்கொண்டேன். நாற்பதுக்கும் மண் நல அட்டை அச்சாகி விவசாயிகளுக்குப் போயிற்று. முக்கால்வாசி அட்டைகளில் "கரிமம்: மிகக் குறைவு".

என்னிடம் ஒரு பழக்கம். கணக்கை ஆங்கிலத்தில் எழுதினாலும் நோட்டின் ஓரத்தில் குறிப்புகளைத் தமிழில் எழுதுவேன். இயக்குநரைப் பற்றியும் கருவியைப் பற்றியும் அதில் நான் எழுதியிருப்பதை யாராவது படித்தால் என் ஓய்வூதியம் போய்விடும். ஆனால் அந்தக் கட்டடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இரும்புப் பெட்டியைவிடப் பத்திரம்.

கருவி மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது. குளிர்காலம் வருவதற்குள் கோல் மார்க்கெட்டுக்காரர் ஒரு மண்ணை வைத்து எண்ணைச் சொல்வார், நான் அளந்து சொல்வேன், இரண்டும் பக்கம் பக்கமாக இருக்கும். உடனே இயக்குநர் "கருவி எவ்வளவு கரெக்ட் பாருங்க" என்பார். என் எண்ணைப் பார்த்துக் கற்றுக்கொண்ட கருவி என் எண்ணையே திருப்பிச் சொன்னால் அது கருவியின் திறமை. ஒரு தடவைகூட "மேடம் எவ்வளவு கரெக்ட்" என்று யாரும் சொல்லவில்லை.

வயிற்றெரிச்சல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வீட்டிலிருந்து சிக்கரி கலந்த காபிப் பொடி கொஞ்சம் கொண்டுபோனேன். மண் டப்பா ஒன்றில் போட்டு, எண் ஒட்டி, மற்ற டப்பாக்களோடு வரிசையில் வைத்துவிட்டேன். அவர் கிண்ணத்தில் வைத்தார். கருவி அரை நிமிஷம் யோசித்தது. பிறகு எங்கள் கூடத்தின் வரலாற்றிலேயே இல்லாத கரிம அளவைச் சொன்னது. களிமண் விகிதமும் சொன்னது. கீழே பச்சை எழுத்தில் "மண் நலம்: மிகச் சிறப்பு".

"வாவ் ஆன்ட்டி! எந்த ஊர் மண் இது?"

"ஒங்க தாத்தா ஊர்ப் பக்கந்தான். மோந்து பாருங்க."

மோந்து பார்த்தார். முகம் போன போக்கு எனக்கு ஒரு மாசத்துக்குப் போதுமானதாக இருந்தது. நான் அதை அக்கவுண்ட்ஸ், கேன்டீன், டிரைவர் என்று ஒருவர் விடாமல் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு ஆபத்தாக முடிந்தது. கோபப்பட்டிருந்தால் விஷயம் அங்கேயே நின்றிருக்கும். அவரோ அந்த வாரம் முழுக்கத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டு வேலை செய்யும்படி ஒரு சோதனையை எழுதிச் சேர்த்தார். வருகிற கோடு மண்ணின் கோடு மாதிரியே இல்லை என்றால் கருவி எண் சொல்லாமல் "தெரியவில்லை" என்று சொல்லும். கோடு ஒன்று சொல்ல, நாங்கள் எழுதிய எண் வேறொன்று சொன்னால் அதையும் எடுத்துத் தனியாகக் காட்டும். எழுதி முடித்ததும் அதுவரை அளந்திருந்த அத்தனை மண்ணையும் அதில் போட்டு ஓடவிட்டார்.

மறுநாள் காலையில் கருவி அறை வாசலில் கழற்றிய செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல் என் அறைக்குள் வந்தார்.

"ஆன்ட்டி, ஒரு நிமிஷம். தப்பா எடுத்துக்காதீங்கோ. நாப்பது சாம்பிள் தனியா வர்றது."

"ஒங்க மிஷினு காபியையே மண்ணுன்னு சொல்லிச்சே."

"ஆமாம், ஆனா பாருங்கோளேன். மத்லப், அதாவது, அளக்கறச்சே சின்னச் சின்னத் தப்பு வந்தா ரெண்டு பக்கமும்தானே விழணும்? கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. இந்த நாப்பதும் ஒரே பக்கம். எல்லாமே உங்க நம்பர் கம்மியா இருக்கு. எல்லாமே ஒரே வாரம்."

"எந்த வாரம்?"

"மே. இனாகரேஷன் வாரம்."

அவர் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தன் கருவியில்தான் கோளாறு இருக்குமோ, அந்த நாற்பதை வைத்தபோது உள்ளே விளக்கு ஏதும் சரியாக எரியவில்லையோ என்று என்னிடம் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கோ 'ஒரே பக்கம்' என்ற வார்த்தையே போதுமானதாக இருந்தது. மண் அளக்கிற யாருக்கும் அது புரியும்.

அளக்க ஆரம்பிக்கும் ஒவ்வொரு நாளும் மண்ணே போடாத ஒரு குடுவையை முதலில் அளக்க வேண்டும். வெறுங்குடுவை என்போம். அன்றைக்கு இரும்பு உப்புக் கரைசல் எவ்வளவு வீரியமாக இருக்கிறது என்று அதுதான் சொல்லும். அந்தக் கரைசல் வைக்க வைக்க வீரியம் குறையும். தில்லி மே மாதத்தில், கூலர் மட்டும் சத்தம் போடுகிற அறையில், கேட்கவே வேண்டாம். வீரியம் குறைந்ததைத் தெரிந்துகொள்ளாமல் அளந்தால் எல்லா மண்ணிலும் கரிமம் குறைவாகத்தான் தெரியும். ஒரே பக்கம்.

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு மே மாத நோட்டை எடுத்தேன். ஓரத்தில் என் கையெழுத்து, அழகான தமிழ்: "போன வார வெறுங்குடுவைக் கணக்கையே வெள்ளி வரை போட்டுக்கொண்டேன். கோலம் வேலை. தலைவலி."

புது ஆளாக இருந்தால் பயந்துகொண்டு தினமும் அளந்திருப்பாள். இருபத்தாறு வருஷ அனுபவம் இருந்ததால் எனக்கு அந்தப் பயம் இல்லாமல் போயிற்று. கருவியை என்ன சொல்லித் திட்டுவது என்றும் தெரியவில்லை. மற்ற ஆயிரத்துச் சொச்சம் மண்ணை நான் ஒழுங்காக அளந்து அதற்குச் சொல்லிக்கொடுத்ததால்தான் இந்த நாற்பது தப்பு என்று அதற்குத் தெரிந்தது. என் சரியான கணக்குகளே ஒன்றுகூடி என்னைக் காட்டிக்கொடுத்திருந்தன.

சாயங்காலம் வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். கோப்புகளோடு வாழ்ந்து கோப்பாகவே ஆகிவிட்ட மனிதர். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"ஒன்ட்ட யாராச்சும் எழுத்துல கேட்டாவளா?"

"இல்ல."

"அந்தப் பையனுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"பெறவு என்னத்துக்கு நீயாப் போயி சொல்லுதே? மிஷினு கோளாறுன்னு ஒரு வரி எழுதி விடு. அது என்ன, வந்து இல்லன்னு சொல்லவா போவுது?"

"நாப்பது பேருக்குத் தப்பா அட்டை போயிருக்குங்க."

"அட்டையை எவன் படிக்கான்?" என்றார். பிறகு கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ சொல்லத்தான் போறே. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. சரி, சொல்லுததை ஒழுங்கா நோட் போட்டுச் சொல்லு. வாயால சொன்னா நாளைக்கு இல்லன்னுருவானுவ."

நாற்பது மண்ணிலும் மிச்சம் டப்பாக்களில் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் மூன்று நாள் அவற்றைத் திரும்ப அளந்தேன். தினமும் புதுக் கரைசல், தினமும் வெறுங்குடுவை. பச்சை வரும்போதெல்லாம் பழைய எண் வந்துவிடாதா என்று மனம் அடித்துக்கொண்டது. ஒன்றில்கூட வரவில்லை. கருவி சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில்தான் வந்தது. இத்தனை மாசமாக நான் கேலி செய்த பொருளோடு நாற்பது தடவை ஒத்துப்போவது உடம்புக்கு நல்லதல்ல.

நோட்டை எடுத்துக்கொண்டு போய் கோல் மார்க்கெட்டுக்காரரிடமே முதலில் சொன்னேன். ஓரத்தில் இருந்ததைப் படித்தும் காட்டினேன். கருவியைப் பற்றி எழுதியிருந்த வரிகளைத் தாண்டிவிட்டேன். நேர்மைக்கும் ஓர் அளவு உண்டு. அவர் "அச்சா" என்றார். பிறகு, "நான் நாலு நாளா தூங்கல ஆன்ட்டி. மாடல்தான் தப்புன்னு நெனைச்சிண்டிருந்தேன்" என்றார். அவர் என்னைப் பழிவாங்கியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

இயக்குநரிடம் இரண்டு பேருமாகப் போனோம். முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த நாப்பதையும் எடுத்துடுங்க" என்றார்.

"எங்கே சார் எடுக்கறது?"

"லிஸ்ட்லேர்ந்து. அந்த வாரம் சாம்பிளே வரலைன்னு வெச்சுக்குவோம்."

"அட்டை போயிருக்கே சார், விவசாயிங்களுக்கு."

"மேடம்ஜி, இத்தனை மாசமா நீங்க இந்த மிஷினைத் திட்டிக்கிட்டிருந்தீங்க. ரிப்போர்ட் மேல போன பிறகு இப்போ மிஷின்தான் சரி, நாமதான் தப்புங்கறீங்க. நான் எந்த மேடத்தை நம்பறது?"

"ரெண்டாவது மேடத்தை சார்" என்றேன். "அவ புது வெறுங்குடுவை வெச்சிருக்கா."

கணவர் சொன்னபடி எழுத்தில் கொடுத்தேன். எழுத்தில் வந்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் உண்மைக்குக்கூட ஒரு மரியாதை வந்துவிடும். அதற்கு எண் போட்டாக வேண்டும். ஒரு வாரத்தில் எனக்கு மெமோ வந்தது. குறிப்பிட்ட நாட்களில் வெறுங்குடுவைச் சோதனை செய்யாததற்கு மூன்று நாளுக்குள் விளக்கம் தரவும். நான் உண்மையையே எழுதினேன்: மேற்படி நாட்களில் பிற்பகல் முழுவதும் இயக்குநரின் வாய்மொழி உத்தரவின்படி திறப்பு விழாவுக்கான கோலம் போடும் பணியில் ஈடுபடுத்தப்பட்டிருந்தேன், கோலத்தின் புகைப்படம் இணைப்பில். அதன் பிறகு அந்தக் கோப்பு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தண்டனையும் வரவில்லை, பாராட்டும் வரவில்லை. திருத்திய அட்டைகளை மட்டும் அச்சடிக்க அனுமதி கிடைத்தது. ஒவ்வொன்றுக்கும் நேரில் கையெழுத்து வாங்கிவர வேண்டும் என்ற நிபந்தனையோடு. வாங்கி வருகிறவள், நான்.

பிப்ரவரியில் நான்கு நாள் ஆபீஸ் ஜீப்பில் நரேலா பக்கமும் நஜஃப்கர் பக்கமும் அலைந்தேன். பெரும்பாலான பேர் அட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வந்ததற்கு டீ கொடுத்தார்கள். கணவர் சொன்னதும் சரிதான். பழைய அட்டையைப் பல பேர் படித்திருக்கவில்லை. ஒரு அம்மாள் படித்திருந்தாள். நாலு பிகா நிலத்தில் காலிஃப்ளவர் போட்டிருந்தவள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மண்ணுல சத்தே இல்லைன்னு எழுதியிருந்தீங்க. நான் பக்கத்து எருமைத் தொழுவத்துலேர்ந்து நாலு டிராக்டர் சாணி வாங்கிக் கொட்டினேன். இப்போ நல்லாத்தான் இருந்ததுன்னு சொல்றீங்களா?"

"ஆமாம்மா. தப்பு என்னோடது. மிஷின் தப்பு இல்லை."

"கொட்டின சாணி?"

"அதனால கெடுதல் இல்லை. மண் இன்னும் நல்லாகும்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். துப்பட்டா ஓட்டைகளையும்தான். "சாணி வாங்கினதுக்கு என் வீட்டுக்காரன் மூணு மாசம் பேசினான். அவன்கிட்ட நீங்களே வந்து சொல்லுங்க" என்று என்னை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த ஆளிடம் மண் நல்ல மண்தான், சாணி போட்டதும் நல்லதுதான் என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவள் இரண்டாவது தடவை கேட்டபோதுதான் சிரித்தாள். என் வேலையில் ஒருத்தரை இப்படிச் சந்தோஷப்படுத்தியது அதுவே முதல் தடவை, அதுவும் ஒரு தப்பை வைத்து.

கடைசி அட்டைக்கான நிலத்தைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. டிரைவர் ஒரே இடத்தை மூன்று முறை சுற்றினார். கிராமக் கணக்கரான பட்வாரியின் குறிப்பில் இருந்த இடத்தில் பெரிய வெள்ளைத் தூண்களோடு ஒரு கல்யாண மண்டபம் நின்றது. முன்னால் கார் நிறுத்துவதற்கு சிமென்ட் தளம். நிலத்துக்காரர் தீபாவளிக்கு முன்பே விற்றுவிட்டு குருகிராம் பக்கம் மகனோடு போய்விட்டாராம். வாசலில் காவலுக்கு இருந்தவர் என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார்.

"கல்யாணப் பத்திரிகையா, மேடம்?"

"இல்லைங்க. இந்த மண்ணோட ரிப்போர்ட்."

"எந்த மண்?"

நான் சிமென்ட் தளத்தைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். பிறகு என்னையும் பார்த்தார். நாற்பது கையெழுத்து இல்லாமல் ஆபீசுக்குத் திரும்ப முடியாது என்று விளக்கினேன். நல்ல மனிதர், பேனாவை வாங்கிப் பெயரை இந்தியில் நிறுத்தி எழுதினார். கையெழுத்துப் போடுமுன் அட்டையில் என்ன இருக்கிறது என்று படிக்கச் சொன்னார். படித்தேன். கரிமம் போதுமான அளவு, மண் நலம் நன்று, கோதுமைக்கும் கடுகுக்கும் ஏற்றது.

"நல்ல செய்திதான்" என்று சொல்லிவிட்டு, பின்னால் ஹாரன் அடித்த தண்ணீர் லாரிக்குக் கேட்டைத் திறக்கப் போனார்.